ஆளுக்கு எத்தனை பாட்டில்

என் மனைவி உயிரியல் ஆசிரியை. தென்காசியில் ஓர் உதவிபெறும் பள்ளியில் இருபது வருடமாக மேல்வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறாள். அழிந்துகொண்டிருக்கும் உயிரினங்களைப் பற்றிய பாடத்தில் கானமயில் வரும். போன செப்டம்பரில் காலாண்டு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தவள், சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னாள்.

"பாக்காத ஒரு பறவைய இருபது வருசமா பாத்தமாதிரியே சொல்லிக்கிட்டு இருக்கேன். இந்த அரையாண்டு லீவுல போய்ப் பாத்திருவோம்."

கானமயில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருப்பது ராஜஸ்தானில், ஜெய்சல்மேருக்கு அப்பால் உள்ள பாலைவனத் தேசியப் பூங்காவில். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் அன்று சாயங்காலமே திட்டத்தைப் போட்டுவிட்டாள். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி டெல்லியில் மாறுவது. முதல் நாள் ஜெய்சல்மேர் கோட்டை. அடுத்த இரண்டு நாளும் காலையில் பூங்காவுக்குள் நடை, மாலையில் மணல்மேடுகள். கடைசி நாள், மரங்கள் கல்லாகிக் கிடக்கும் ஓர் இடம்.

"தண்ணி, செருப்பு, தொப்பி இதெல்லாம் அப்பா டிபார்ட்மெண்ட்" என்றாள்.

ஒன்பது வருடம் சவுதியில் சாலை போடும் கம்பெனி ஒன்றில் டிரைவராக இருந்தவன் நான். திரும்பி வந்து பதினொரு வருடமாகிறது. இப்போது டயர் கடை வைத்திருக்கிறேன். பாலைவனம் என்ற சொல் வந்ததும் அவர்கள் இருவரும் என் பக்கம் திரும்பியது நியாயம்தான். நான் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன்.

அதன்பிறகு ஒரு மாதம் அந்தப் பயணத்தை என்னால் முடிந்த வழியிலெல்லாம் தடுத்துப் பார்த்தேன். டிசம்பரில் அங்கே குளிர் தாங்காது என்றேன். ஸ்வெட்டர் எடுத்தாகிவிட்டது. பாகிஸ்தான் எல்லை, அனுமதி லேசில் தரமாட்டார்கள் என்றேன். "ஆதார் கார்டு போதும்னு போட்டிருக்கான்பா" என்றாள் மகள். அக்டோபரில் ஜெய்சல்மேர் ஜீப்காரரிடம் பேசும் வேலையை மனைவி என்னிடம் கொடுத்தாள். நான் பேசவே இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "டிசம்பர் பூரா அங்கன ராணுவப் பயிற்சியாம். ஒருத்தரையும் நடக்க விடமாட்டானாம்" என்று சொன்னேன். சொன்ன விதத்தில் எனக்கே அது உண்மை போல இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பள்ளியிலிருந்து வந்த மனைவி கைப்பையைக்கூட இறக்கவில்லை.

"ஜீப்காரன்கிட்ட நானே பேசிட்டேன். பயிற்சியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. தமிழ்நாட்டுலருந்து யாரும் போன் பண்ணலன்னு சொல்லுதான். என்னங்க, எதுக்குப் பொய் சொல்லுதிய?"

கடையில் ஆள் இல்லை, வேலை கூடுதல் என்று எதையோ சொன்னேன்.

"பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லுங்க. நானும் அவளும் போயிட்டு வாரோம். ஒம்பது வருசம் பாலைவனத்துல இருந்த மனுசன் வீட்டுல உக்காந்திருக்கும்போது, எவ்வளவு தண்ணி கொண்டு போகணும்னு முன்னப்பின்ன தெரியாத ஆள்கிட்ட இந்தியில கேட்டுக்கிட்டு இருக்கேன். எனக்கே கேவலமா இருக்கு."

அவர்கள் இருவர் மட்டும் போவார்கள் என்பதை நான் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. அது போகாமல் இருப்பதைவிட மோசம். சரி, நானும் வருகிறேன் என்றேன். ஆனால் பட்டியல் போட உட்காரும்போதெல்லாம் எழுந்து போய்க்கொண்டிருந்தேன்.

நவம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் காலை. கடைக்குக் கிளம்பச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் பள்ளிக்குச் சோறு கட்டிக்கொண்டே சொன்னாள். "உங்களுக்குத்தான் சொல்ல மனசில்ல. அங்கன இருந்த இன்னொருத்தர்கிட்ட கேட்டுட்டேன்."

"யாருகிட்ட?"

"வாசுதேவநல்லூர் அண்ணாச்சிகிட்ட. எங்க ஸ்கூல் டீச்சர் ஒருத்தி அந்த ஊருதான். அவகிட்ட நம்பர் வாங்கினேன். எவ்வளவு சந்தோசமா பேசினாரு தெரியுமா? ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லியிருக்கேன். வாரேன்னுட்டாரு."

சட்டைப் பொத்தான் கைக்கு அகப்படவில்லை. "நம்ம பயணத்தப் பத்தி என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"'உன் வீட்டுக்காரன்கிட்ட கேட்டியாம்மா?'ன்னாரு. அவுக வாயே தொறக்க மாட்டேங்காகன்னு சொன்னேன். பொறவு, 'சரி, நா வாரேன்'னாரு."

அண்ணாச்சி என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஒரே ஏஜெண்ட் மூலம் ஒரே விமானத்தில் போனவர்கள் நாங்கள். முகாமில் மேல்கட்டில் எனக்கு, கீழ்க்கட்டில் அவருக்கு. நான் சமைத்தால் குழம்பில் உப்பு கூடிவிடும் என்று அவரே சமைப்பார்.

ஒரு ஜூன் மாதம் சாலைக்கு அளவெடுக்க நடும் கம்பிகளைப் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு இருவரும் வேறொரு முகாமுக்குப் போனோம். சுற்றிப்போனால் நேரமாகும் என்று பழைய டயர்த் தடம் ஒன்றைப் பிடித்துக் குறுக்கே விட்டது நான்தான். பத்து மணிவாக்கில் பின்சக்கரம் இரண்டும் புதைந்துவிட்டன. போனில் சிக்னல் இல்லை. இரண்டு மணிவரை கையாலும் இரும்புத் தகட்டாலும் தோண்டினோம். வண்டி இன்னும் இறங்கியதே ஒழிய ஏறவில்லை. ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் மிச்சம் இருந்தது.

"தார் ரோடு ஏழெட்டு கிலோமீட்டர்தாம்லே இருக்கும். நா நடந்து போயி ஆளக் கூட்டியாரேன். நீ வண்டிகிட்டயே இரி" என்றார்.

வண்டி நின்றுபோனால் அதைவிட்டு நகரக் கூடாது. அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பது. எனக்கும் தெரியும். ஆனால் அவரைத் தடுத்தால், அப்படியென்றால் யார் போவது என்ற பேச்சு வந்துவிடும். நான் தடுக்கவில்லை.

அதோடு நின்றிருந்தால்கூட எப்படியோ சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன். சீட்டுக்குப் பின்னால், சாக்குக்கு அடியில், ரேடியேட்டருக்கென்று காலையில் நான் நிரப்பி வைத்த ஐந்து லிட்டர் கேன் ஒன்று இருந்தது. வண்டியில் அது இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, தன் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் வாயைத் திறக்கவில்லை. மறந்துபோய்விட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். மறக்கவில்லை. அவர் கண்ணுக்கு மறையும்வரை அந்தக் கேனை நினைத்துக்கொண்டேதான் நின்றேன்.

கம்பெனி வண்டி மறுநாள் காலையில் என்னைக் கண்டுபிடித்தது. அவரை ஒட்டகம் மேய்க்கும் ஒருவர் மத்தியானம்தான் கண்டுபிடித்தார், தார் ரோட்டுக்கு எதிர்த்திசையில். உயிர் இருந்தது. சிறுநீரகம் பழுதாகிவிட்டது. ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு முறை போய்ப் பார்த்தேன். இரண்டு முறையும் பக்கத்தில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அது எனக்கு வசதியாக இருந்தது. நாலு வருடம் கழித்து நானும் ஊர் திரும்பினேன். தென்காசியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணிநேரம், அவ்வளவுதான் வாசுதேவநல்லூர். பதினொரு வருடத்தில் ஒரு தடவைகூடப் போகவில்லை. மனைவியிடம், அவருக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போய்விட்டார் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முந்தைய இரண்டு நாளும் நல்ல மழை. பஸ் நிலையத்துக்குப் போய் அழைத்து வரச் சொன்னாள் மனைவி. டயர் லோடு வருகிறது என்று சொல்லி மகளை ஸ்கூட்டியில் அனுப்பிவிட்டு, நான் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். லோடு எதுவும் வரவில்லை என்பது மனைவிக்கும் தெரியும்.

இறங்கியவரை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. பாதி ஆளாகியிருந்தார். கையில் ஒரு துணிப்பை. "என்னலே, தொப்ப போட்டுட்ட" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

சாப்பிட உட்கார்ந்ததும் மகள் தம்ளரில் தண்ணீர் ஊற்றப் போனாள். அவர் உள்ளங்கையால் தம்ளரை மூடினார். துணிப்பையிலிருந்து அரை லிட்டர் பாட்டில் ஒன்றை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எனக்கு அளவு உண்டும்மா. கிட்னி பாதி வேலைதான் பாக்கு. மோரு, ரசம் எல்லாம் சேத்துக் கணக்குப் பாத்துத்தான் குடிக்கணும்னு டாக்டரு சொல்லியிருக்காரு. இந்தப் பாட்டிலு சாயங்காலம் வரைக்கும்."

"எப்படி அண்ணாச்சி இப்படி ஆச்சு?" என்று மனைவி கேட்டாள்.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவர் அவசரப்படாமல் ஒரு வாய் மென்று விழுங்கினார்.

"வெயிலு" என்றார். "அங்கத்த வெயிலு அப்படி."

சாப்பிட்டு முடித்ததும் மகள் தன் பட்டியலைக் கொண்டுவந்து அவர் முன்னால் விரித்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். மணலில் நடக்க ஷூ வேண்டும், வார் செருப்பு கூடாது என்றார். காது மூடுகிற மாதிரித் தொப்பி வேண்டும் என்றார். ஜீப்பில் மண்வாரியும் பலகையும் இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடச் சொன்னார்.

"தண்ணி ஆளுக்கு ஒரு பாட்டில்னு போட்டிருக்கேன் மாமா. ரெண்டு மணிநேர நடைக்கு அது போதும்லா?"

"ஆளுக்கு எத்தன பாட்டிலுங்கது அப்புறம் பாத்துக்கிடலாம் பிள்ளே" என்றார். கண்ணாடியைக் கழற்றினார். "மொதல்ல, கிளம்புததுக்கு முன்ன வண்டியில இருக்க தண்ணி அம்புட்டையும் வெளிய எடுத்துக் கீழ வைக்கணும். சீட்டுக்கு அடியில, பின்னால, எங்கன இருந்தாலும் சரி. எல்லாரு கண்ணுக்கும் தெரியணும். மொத்தம் எவ்வளவுன்னு ஒவ்வொருத்தருக்கும் தெரிஞ்சிருக்கணும். அதுக்குப் பொறவுதான் நடக்கணும்."

மகள் அதை எழுதிக்கொண்டாள். மனைவி என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்ததோ, "உங்களுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவருக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அன்று பிற்பகல் ஐந்தருவியிலிருந்து மெயின் அருவிவரை முதுகுப் பையுடன் நடந்து திரும்புவது என்று மனைவியும் மகளும் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். பயணத்துக்குப் பழகுவதற்காக மகள் போட்ட ஏற்பாடு. அண்ணாச்சியையும் ஏற்றிக்கொண்டு காரில் போனோம். அருவியில் வெள்ளம். குளிக்கத் தடை போட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். ஆட்கள் அதிகம் இல்லை. சிப்ஸ் கடை ஒன்று மட்டும் திறந்திருந்தது. பையில் இரண்டு பாடப்புத்தகத்தையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்துக்கொண்டு மனைவியும் மகளும் சாலையில் இறங்கி நடந்தார்கள். அண்ணாச்சியால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. "நீங்க அவுக கூட இரிங்க" என்று மனைவி என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அடைத்திருந்த எண்ணெய்க் கடை வாசல் படியில் உட்கார்ந்தோம். செம்மண் நிறத்தில் தண்ணீர் பாறையை மறைத்துக்கொண்டு விழுந்தது. ஐந்து கிளை என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. சத்தத்தில் பேச்சே கேட்காது. அவர் என் பக்கம் பார்க்கவில்லை. அவர்கள் திரும்பி வர ஒன்றரை மணிநேரம் ஆகும் என்று கணக்குப் போட்டேன். சொல்லாமலே அந்த நேரத்தை ஓட்டிவிடலாம் என்றும் ஒரு நினைப்பு ஓடியது.

"அண்ணாச்சி, வண்டியில ஒரு கேன் இருந்துச்சு" என்றேன்.

"என்னது?" அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்தார்.

"கேன்! அன்னைக்கு வண்டியில சீட்டுக்குப் பின்னால தண்ணிக் கேன் இருந்துச்சு! நான் உங்ககிட்ட சொல்லல!"

அருவிச் சத்தத்துக்கு மேலே கத்தவேண்டியிருந்தது. சிப்ஸ் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடமாக மெதுவாகச் சொல்லிப் பழகி வைத்திருந்ததை இப்படிக் கூவிச் சொல்ல நேரும் என்று நினைக்கவில்லை.

அவர் கையை இறக்கினார். நகர்ந்து என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார்.

"தெரியும்லே."

"எப்பம் தெரியும்?"

"அப்பமே தெரியும். துண்டு எடுக்க சீட்டுக்குப் பின்னால கைய விட்டேன்லா? கேனு தட்டுப்பட்டுச்சு. தூக்கிப் பாத்தேன், கனமா இருந்துச்சு. அப்படியே வச்சிட்டேன்."

"ஏன் அண்ணாச்சி கேக்கல?"

"நீயா எடுத்துக் குடுப்பன்னு பாத்தேன். துண்டக் கட்டுனேன், செருப்பு வாரப் போட்டேன், ஒண்ணுக்குப் போனேன். எவ்வளவு நேரம் நின்னேன்னு உனக்கு ஞாபகம் இருக்கா? நீ மணலப் பாத்துக்கிட்டு நின்ன. கேட்டா குடுத்திருப்ப. கேட்டு வாங்கணுமாலே உங்கிட்ட? அஞ்சு வருசம் ஒரே சட்டியில தின்னவன்."

நான் படியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கோவத்துலதான் நடந்தேன்" என்றார். "பாதி தூரத்துல வழி தப்புன்னு எனக்கே பட்டுச்சு. திரும்பி வந்திருக்கலாம். திரும்பி வந்து உன் மொகத்துல முழிக்க மனசு வரல. அது என் வீம்பு. அதுக்கு நீ பொறுப்பில்ல. ஆனா கேனுக்கு நீதான் பொறுப்பு."

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி."

அவர் தன் பாட்டிலைத் திறந்து, மூடியில் கொஞ்சம் ஊற்றி உதட்டை நனைத்துக்கொண்டார். தூறல் விழ ஆரம்பித்தது. "கொடை இருக்கா அதுகள்ட்ட?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்பம் வண்டிய எடுத்துக்கிட்டுப் போயி கூட்டியா. நா இங்கனயே இருக்கேன்" என்றார்.

மறுநாள் காலை, மகள் பள்ளிக்குக் கிளம்பிப் போன பிறகு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நின்றபடியே கேட்டாள். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி.

"அந்தக் கேன் தண்ணிய நீங்க குடிச்சியளா?"

"குடிச்சேன்."

"எங்களுக்குன்னா எடுத்துக் குடுத்திருப்பிய. அது எனக்குத் தெரியும்" என்றாள். "அவரும் ஒரு வீட்டு ஆளுதான? அவுக வீட்டுலயும் ஒருத்தி போனப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்திருப்பால்லா?"

கைப்பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டாள். அந்த வாரம் முழுவதும் சாப்பாடு, கரண்ட் பில், கடைச்சாவி தவிர எங்களுக்குள் வேறு பேச்சில்லை. பயணத்தை நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். நான் விரும்பியதும் ஒருகாலத்தில் அதுதான். ஆனால் அடுத்த வாரம் டிக்கெட்டை அச்சடித்துக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தாள். மூன்று பேருக்கும் இருந்தது. "தண்ணிப் பொறுப்பு உங்களோடது" என்றாள். மகளிடம் எதையும் சொல்லவில்லை. எப்போது சொல்வது என்பதை நான்தான் முடிவு செய்யவேண்டும் என்று விட்டுவிட்டாள்.

கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்த மறுநாள் கிளம்பினோம். கோட்டையைப் பார்த்தது எனக்குச் சரியாக நினைவில்லை. மறுநாள் காலை பூங்கா வாசலில் ஜீப் நின்றபோது, இருந்த பாட்டில்களையெல்லாம் எடுத்து பானெட்மேல் வரிசையாக வைத்தேன். துணைக்கு வந்த வனக்காவலர் சிரித்தார். மகள் ஒவ்வொன்றாக எண்ணினாள்.

உள்ளே நான் பயந்த மாதிரி மணல்காடு இல்லை. பாதிக்கு மேல் முழங்கால் உயரப் புல். பனிமூட்டம் வேறு. மான்கள் நின்று பார்த்துவிட்டு ஓடின. ஆனாலும் ஒரு மேட்டைத் தாண்டி ஜீப் கண்ணுக்கு மறைந்தபோது என் கால் நின்றுவிட்டது. காவலரை நிற்கச் சொன்னேன். வந்த வழியில் எங்கள் காலடித் தடம் தெரிகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். "திரும்பிருவோமா?" என்று கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்ன அந்த வாரத்துக்குப் பிறகு அவள் அப்படி மெதுவாகப் பேசியது அப்போதுதான். வேண்டாம், நடப்போம் என்றேன்.

முதல் நாள் கானமயில் கண்ணில் படவில்லை. இரண்டாம் நாள் காலையில் காவலர் கையை உயர்த்தினார். வெகுதூரத்தில், புல்லுக்கு மேலே ஒரு கழுத்து. நட்டு வைத்த கம்பு போல அசையாமல் இருந்தது. மனைவி பைனாகுலரை வாங்கிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தாள். "பாருங்க, போயிரும்." அது அவசரமில்லாமல் நாலு எட்டு நடந்து புல்லுக்குள் இறங்கிவிட்டது.

அன்று மத்தியானம் ஜெய்சல்மேரிலிருந்து அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். நானாக அவருக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"பறவையப் பாத்தியளாலே?"

"பாத்தோம் அண்ணாச்சி. ஒண்ணே ஒண்ணு."

"வண்டிய மணலுக்குள்ள விட்டானா?"

"இல்ல. தடத்துலயேதான் ஓட்டுனான்."

"ம்" என்றார். பின்னால் அவர் மனைவி சாப்பிடக் கூப்பிடும் குரல் கேட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்குத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று பேச்சுவாக்கில் சொன்னார்.

"நான் கார் கொண்டு வரட்டா அண்ணாச்சி?"

"பஸ்ஸு இருக்கு" என்றார்.

நான் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.

"வாரதுன்னா ஏழு மணிக்கு வந்திரணும்" என்றார் கடைசியில். "லேட்டாக்குனேன்னா நா பஸ்ஸுல ஏறிருவேன், பாத்துக்கோ."

செவ்வாய்க்கிழமை ஆறரைக்கே அவர் தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.